வாங்கிக் குவித்த வயலின்கள் வாசிக்கப்படாதது ஏன்? சாம்பிள் லைப்ரரி வாங்கிவிட்டு வருந்துபவர்களுக்கு ஒரு விளக்கம்

உங்கள் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் 'லைப்ரரிஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா? பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஷார்ட் ஃபிலிமுக்கோ நண்பர்களின் பாட்டுக்கோ டிராக் போடுபவர் என்றால் கட்டாயம் இருக்கும். அதில் எத்தனை ஜிபி இருக்கிறது, அதற்கு எவ்வளவு காசு போனது, எத்தனை பாட்டில் அது ஒலித்தது? முதல் கேள்விக்கு கம்ப்யூட்டரே பதில் சொல்லிவிடும். மற்ற இரண்டையும் நாம் கேட்டுக்கொள்வதில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். டேட்டா ஜர்னலிஸ்ட் என்பதால் எதற்கெடுத்தாலும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டுவிடும் கெட்ட பழக்கம் உண்டு. நான்கு வருட இமெயில் ரசீதுகளைத் தோண்டினேன். மொத்தம் 19 லைப்ரரிகள், 1,12,400 ரூபாய். நான் பயன்படுத்தும் ரீப்பர் மென்பொருளின் புராஜெக்ட் ஃபைல் வெறும் டெக்ஸ்ட்தான், நோட்பேடில்கூடத் திறக்கலாம். அதனால் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி 61 புராஜெக்ட்டுகளிலும் தேடவிட்டேன். முதலில் எல்லா இடத்திலும் 'கான்டாக்ட்' என்று மட்டும்தான் வந்தது. உள்ளே எந்த லைப்ரரி ஓடுகிறது என்பது படிக்க முடியாத எழுத்துக்கூட்டமாகத்தான் சேமிக்கப்பட்டிருந்தது. நல்லவேளை, டிராக்குகளுக்கு லைப்ரரியின் பெயரையே வைக்கும் வழக்கம் எனக்கு. அதை வைத்து எண்ணினேன்.

19-ல் 11 லைப்ரரிகள் ஒரு புராஜெக்ட்டில்கூட இல்லை. ஐந்து, தலா ஒரே ஒரு முறை. மிச்சம் மூன்றுதான் திரும்பத் திரும்ப உழைத்திருக்கின்றன. அதிகம் ஒலித்த பியானோ 34 புராஜெக்ட்டுகளில் இருந்தது. அது சலமாண்டர் கிராண்ட் பியானோ, இலவசமாக டவுன்லோட் செய்தது!

இது ஒரு ஆளின் கணக்கு, ஊர்க் கணக்கு இல்லை. ஆனால் நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. ஏன் இப்படி ஆகிறது? கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

சாம்பிள் லைப்ரரி என்பது என்ன?

நிஜ வாத்தியத்தை நிஜக் கலைஞர் வாசிக்க, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, நீங்கள் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தும்போது அந்தப் பதிவை ஒலிக்கவைப்பதுதான் சாம்பிளிங். கேட்க எளிதாக இருக்கும். கணக்கு வேறு மாதிரி.

ஒரு வயலின் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 22 சுரங்கள் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொன்றையும் மெதுவாக, ஓரளவு சத்தமாக, பலமாக என்று 4 அளவுகளில் வாசிக்க வேண்டும். ஒரே பதிவு அடுத்தடுத்து வந்தால் மெஷின் கன் மாதிரி கேட்கும் என்பதால் அதே சுரத்தையே 4 முறை வாசிப்பார்கள். ஆக 22 பெருக்கல் 4 பெருக்கல் 4, மொத்தம் 352. ஐந்து மைக் இடங்களில் பதிந்தால் 1,760. நீட்டி வாசிப்பது, வெட்டி வாசிப்பது, விரலால் மீட்டுவது என 20 வாசிப்பு முறைகள் இருந்தால் 35,200 ஆடியோ ஃபைல்கள். இத்தனையும் ஒரே ஒரு குழுவுக்கு. லண்டனைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் ஆடியோ 2019-ல் வெளியிட்ட பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் புரொஃபஷனல் பதிப்பு ஏறக்குறைய 600 ஜிபி வருவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே இந்தப் பொருட்கள் ஏமாற்று வேலை அல்ல. உழைப்பு நிஜம், செலவும் நிஜம். சிக்கல் தொடங்குவது விற்கும் விதத்திலும் நாம் வாங்கும் விதத்திலும்தான்.

டெமோ கேட்டபோது அழுகை வந்தது, நான் வாசித்தால் ஏன் ஹார்மோனியம் மாதிரி இருக்கிறது?

டெமோவை உருவாக்கியவர் பல வருடம் ஆர்கெஸ்ட்ரா எழுதிப் பழகியவர். ஒவ்வொரு சுரத்துக்கும் மாட் வீலை ஏற்றி இறக்கி, வாசிப்பு முறையை மாற்றி மாற்றி, தாமதமாக ஒலிக்கும் சாம்பிள்களைச் சில மில்லிசெகண்ட் முன்னால் நகர்த்தி, மேலே நல்ல ரிவெர்ப் போட்டிருப்பார். ஒரு நிமிட டெமோவுக்குப் பின்னால் ஒரு நாள் வேலை இருக்கும். நீங்கள் வாங்குவது அவருடைய வாத்தியத்தை. அவருடைய கையை இல்லை.

யூடியூப் விமர்சனங்களிலும் கவனம் தேவை. லைப்ரரியை நிறுவனமே இலவசமாகத் தந்திருக்கலாம். கீழே இருக்கும் லிங்க்கில் நீங்கள் வாங்கினால் விமர்சகருக்குக் கமிஷன் போகலாம். அதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கி, ஆறு மாதம் கழித்து 'இதை நான் தொடவே இல்லை' என்று சொல்லும் வீடியோக்கள் குறைவுதான்.

'கான்டாக்ட் தேவை' என்ற சின்ன எழுத்து

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பெர்லினில் உள்ள நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2002-ல் கொண்டுவந்த கான்டாக்ட் என்ற மென்பொருள்தான் இன்றும் பெரும்பாலான லைப்ரரிகளுக்கு மேடை. அது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது: இலவசமான கான்டாக்ட் பிளேயர், காசு கொடுத்து வாங்கும் முழு கான்டாக்ட். லைப்ரரி செய்யும் நிறுவனம் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு உரிமக் கட்டணம் கட்டியிருந்தால்தான் இலவச பிளேயரில் அது முழுமையாக ஓடும். சின்ன நிறுவனங்கள் பல கட்டுவதில்லை. அவற்றின் லைப்ரரியை பிளேயரில் திறந்தால் 15 நிமிடம் டெமோவாக ஓடி நின்றுவிடும்.

நான் முதன்முதலில் வாங்கிய செல்லோ லைப்ரரி இந்த ரகம். 29 டாலர் ஆஃபரில் கிடைத்த சந்தோஷம் சரியாக 15 நிமிடம்தான் இருந்தது. முழு கான்டாக்ட்டின் விலையோ அந்த செல்லோவைவிடப் பல மடங்கு. விற்ற தளத்தில் 'முழு பதிப்பு தேவை' என்று எழுதித்தான் இருந்தது, பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில். தப்பு என் மேலும்தான். இன்னொன்று, புது கான்டாக்ட் பதிப்பில் சேமிக்கப்பட்ட லைப்ரரி பழைய பதிப்பில் திறக்காது. முழு கான்டாக்ட் வைத்திருப்பவர்களும் எந்தப் பதிப்பு தேவை என்று பார்த்தே ஆக வேண்டும்.

இதோடு எஸ்எஸ்டி, ரேம் செலவும் சேரும். சாம்பிள்களின் தொடக்கத்தை மட்டும் ரேமில் ஏற்றிக்கொண்டு மிச்சத்தை டிஸ்கிலிருந்து ஓடவிடுவதுதான் வழக்கமான முறை. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கில் பெரிய ஆர்கெஸ்ட்ரா திணறும். 8 ஜிபி ரேம் உள்ள ஆபீஸ் லேப்டாப்பில் நாலு டிராக்கிலேயே மூச்சு வாங்கும்.

கமகம் எங்கே போனது?

நம் ஊர் இசை செய்பவர்களின் தனி வருத்தம் இது. சாம்பிள் லைப்ரரியின் அடிப்படை அலகு நிற்கிற சுரம். கர்நாடக இசையில் பல சுரங்கள் நிற்பதே இல்லை. தோடியின் காந்தாரத்தை நினைத்துப் பாருங்கள். அது ஒரு புள்ளியில் இல்லை, ஒரு அசைவில் இருக்கிறது. அந்த அசைவை எடுத்துவிட்டால் தோடியும் போய்விடும்.

'பிட்ச் பெண்ட் வீல் இருக்கிறதே' என்று கேட்கலாம். பல லைப்ரரிகளில் அது தானாக அமைந்திருப்பது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் அளவுக்குத்தான். அளவைக் கூட்டினாலும் வேறொரு பிரச்சனை வரும். சாம்பிளை வளைக்கும்போது சுரத்தோடு சேர்ந்து வாத்தியத்தின் உடம்பு எழுப்பும் நாதமும் மேலே கீழே நகர்ந்துவிடும். நிஜ வீணையில் தந்தியைத்தான் இழுக்கிறோம், குடம் பெரிதாவதோ சிறிதாவதோ இல்லையே. வளைத்த சாம்பிள் பொம்மை வீணை மாதிரி கேட்பதற்கு இதுவே காரணம். மேற்கத்திய வயலின் லைப்ரரிகளில் வைப்ரேட்டோவும் பதிவோடு ஒட்டியே வருவதால், அதன்மேல் கமகம் போட்டால் இரண்டு அசைவுகளும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

இந்திய வாத்திய லைப்ரரிகள் இல்லாமல் இல்லை. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஸ்கவரி சீரிஸ் இந்தியா, ஸ்வர் சிஸ்டம்ஸின் ஸ்வர்பிளக் போன்றவை பலருக்கும் தெரிந்தவை. தாள வாத்தியங்களுக்கு இந்த வகை நன்றாகவே உதவும், ஏனென்றால் அடி என்பது சாம்பிளுக்குத் தோதான விஷயம். மெலடியில் பல லைப்ரரிகள் எடுக்கும் குறுக்கு வழி, முழுச் சொற்றொடரையே வாசித்துப் பதிந்து கொடுப்பது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது அவர் வாசித்த ராகம், அவர் பிடித்த வேகம். உங்கள் பாட்டு அதற்கு ஏற்ப வளைய வேண்டும். அதே லைப்ரரியை வாங்கிய இன்னொருவரின் விளம்பரத்தில் அதே சாரங்கிப் பிடி ஒலித்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோக வேண்டியதுதான்.

வளைவுதான் வேண்டும் என்றால், பதிவுகளை நம்பாமல் வாத்தியத்தின் இயக்கத்தையே கணக்கிட்டு ஒலி உருவாக்கும் பிசிக்கல் மாடலிங் வகையைக் கேட்டுப் பாருங்கள். இத்தாலியின் ஆடியோ மாடலிங் நிறுவனத்தின் ஸ்வாம் வாத்தியங்கள் அந்த வகை. நாதத்தில் கொஞ்சம் குறை சொல்வார்கள். ஆனால் சுரம் நகரும் இடத்தில் சாம்பிள்களைவிட இயல்பாக நகரும்.

199 டாலர் என்றால் எவ்வளவு ரூபாய்?

மனசுக்குள் நாம் போடும் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 199 டாலர், 16,915 ரூபாய். வெளிநாட்டு நிறுவனம் இணையம் வழியாக இந்திய நுகர்வோருக்கு விற்கும் டிஜிட்டல் சேவைக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. பல தளங்கள் இதைக் கடைசிப் பக்கத்தில்தான் சேர்க்கும். அப்போது 19,960. உங்கள் கிரெடிட் கார்டு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5% கட்டணம் எடுத்தால் இன்னும் 699. அந்தக் கட்டணத்துக்கும் 18% ஜிஎஸ்டி, 126 ரூபாய். ஸ்டேட்மென்டில் வந்து நிற்பது சுமார் 20,785.

ஆக 17 ஆயிரம் என்று நினைத்து வாங்கியது 21 ஆயிரத்தைத் தொடுகிறது. இசையைத் தொழிலாகச் செய்து ஜிஎஸ்டி பதிவும் வைத்திருப்பவர் என்றால் வாங்கும்போதே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வரியை நீங்களே கட்டி, விதிகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரிக் கழிவாக எடுக்கலாம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஸ்டீம் தளத்தில் ஒரு வீடியோ கேமை வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்கும். சாம்பிள் லைப்ரரி உலகில் அந்த வழக்கம் வரவில்லை. டவுன்லோட் தொடங்கினாலோ சீரியல் எண்ணைப் பதிவு செய்தாலோ ரீஃபண்ட் கிடையாது என்பதே பரவலான விதி. நிறுவனங்கள் சொல்லும் நியாயம், ஆடியோ ஃபைல்களைக் காப்பி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாமே என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில்கூட, ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் உரிமை, வாங்குபவர் சம்மதித்து டிஜிட்டல் பொருளின் டவுன்லோட் தொடங்கியதும் போய்விடும்.

இந்தியாவில் 2020-ன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் ஒரு வித்தியாசத்தைப் பார்க்கின்றன. குறைபாடுள்ள பொருள், அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருள் என்றால் விற்பவர் பணத்தைத் திருப்ப மறுக்கக்கூடாது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது இதில் வராது. 'கான்டாக்ட் பிளேயரில் ஓடும் என்று போட்டிருந்தீர்கள், ஓடவில்லை' என்பது வரும். கஸ்டமர் சப்போர்ட்டுக்கு மெயில் எழுதும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்து எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் இருந்தால் இன்னும் நல்லது. இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. லண்டனிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ இருக்கும் நிறுவனத்தை அங்கிருந்து அசைப்பது லேசில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் பேங்க் மூலம் பணத்தைத் திரும்ப இழுத்தால், நிறுவனம் உங்கள் கணக்கையே முடக்கக்கூடும். அந்தக் கணக்கில் இருக்கும் மற்ற லைப்ரரிகளும் சேர்ந்து முடங்கும்.

சரி, விற்றுவிடலாமா? பழைய கிடாரை ஓஎல்எக்ஸில் போடலாம். சாம்பிள் லைப்ரரியை அப்படிப் போட முடியாது, ஏனென்றால் நீங்கள் வாங்கியது பொருளை அல்ல, பயன்படுத்தும் உரிமத்தை. ஸ்பிட்ஃபயர், ஈஸ்ட்வெஸ்ட் போன்ற நிறுவனங்களின் விதிகள் அதை இன்னொருவருக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கு உரிமம் மாற்ற வழி வைத்திருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் யூஸ்ட்சாஃப்ட் வழக்கில், டவுன்லோட் செய்த மென்பொருளின் நிரந்தர உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்றது. அதே நீதிமன்றம் 2019-ல் மின்நூல்களுக்கு அப்படிச் செய்ய முடியாது என்றது. சாம்பிள் லைப்ரரி பாதி மென்பொருள், பாதி ஒலிப்பதிவு. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் தொங்குகிறது.

தெரிந்தும் ஏன் வாங்குகிறோம்?

'449 டாலர், இன்று மட்டும் 149.' இதைப் பார்த்ததும் மூளை 149 செலவைப் பார்ப்பதில்லை, 300 லாபத்தைப் பார்க்கிறது. முதலில் கண்ணில் படும் எண் நம் மதிப்பீட்டையே இழுத்துவிடும் என்று 1974-லேயே டிவர்ஸ்கியும் கானமனும் எழுதிவிட்டார்கள். இந்தத் துறையில் அறிமுக விலை, பிளாக் ஃப்ரைடே, கோடைக்கால விற்பனை, ஆண்டு விழா என்று ஏதாவது ஒரு தள்ளுபடி வந்துகொண்டேதான் இருக்கும். பல லைப்ரரிகளுக்கு 'முழு விலை' என்பது அலங்காரத்துக்கு எழுதிய எண் மாதிரி.

எனக்குப் பிடித்த ஆய்வு வேறொன்று. 1985-ல் வெளியான அந்த ஆய்வுக்காக ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் ஓஹியோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் எதிர்பாராத தள்ளுபடி கொடுத்தார்கள். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். காசு வலித்தால்தான் காலும் நடக்கிறது. என் ஸ்ப்ரெட்ஷீட்டில் தொடாமல் கிடக்கும் 11-ல் 10 தள்ளுபடியில் வாங்கியவை. ஒரு ஆளின் கணக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் குறித்துவைத்திருக்கிறேன்.

இன்னொரு காரணம் சொல்லக் கூச்சமாக இருக்கும். பாட்டு நகராத ராத்திரிகளில்தான் வாங்குகிறோம். இரண்டாவது சரணம் வரவில்லை, மெட்டு பழசாகத் தெரிகிறது. புது லைப்ரரி டவுன்லோட் ஆகும்போது ஏதோ வேலை நடக்கிற உணர்வு வருகிறது. கிடார் கலைஞர்கள் இதற்கு 'கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

கவுண்ட்டவுன் கடிகாரம் இந்த நேரம் பார்த்து ஓடும். நவம்பர் 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை இணையத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. பொய்யான அவசரத்தை உருவாக்குவது அதில் ஒன்று, கடைசியில் கட்டணங்களைச் சேர்த்து விலையை ஏற்றுவது இன்னொன்று. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் மறுபடி முதலிலிருந்து ஓடினால், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம்.

வாங்கியது எத்தனை வருடம் உழைக்கும்?

1990களின் இறுதியில் வந்த கிகாசாம்ப்ளர், சாம்பிள்களை ஹார்ட் டிஸ்கிலிருந்து நேரடியாக ஓடவைத்து இந்தத் துறையையே மாற்றியது. பிறகு கிகாஸ்டூடியோ ஆகி, டாஸ்காம் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2008-ல் நிறுத்தப்பட்டது. அதற்காக வாங்கிய லைப்ரரிகளை வேறு வடிவத்துக்கு மாற்ற ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 'அது பழைய கதை' என்றால், இசைக்குறிப்பு எழுதும் ஃபினாலே மென்பொருள் நிறுத்தப்பட்டது 2024 ஆகஸ்டில்தான். 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்து, பயனர்கள் கொதித்ததும் சில நாட்களில் பின்வாங்கியது.

சரி, அடுத்த ஆஃபர் வரும்போது?

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முதலில் மேனுவலை டவுன்லோட் செய்து படிக்கிறேன். பல நிறுவனங்கள் அதை இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்த வாசிப்பு முறைகள் உண்டு, எத்தனை அடுக்குகள், பிட்ச் பெண்ட் எவ்வளவு என்பதெல்லாம் டெமோவில் வராது, அதில் வரும். பிறகு கையில் இருப்பதை வைத்து அந்தப் பாட்டை முழுசாக முடிக்கிறேன். முடித்த பிறகும் 'இந்த இடத்தில் நிஜ ஓபோ வேண்டும்' என்று தோன்றினால் மட்டும் கடைப் பக்கம் போகிறேன்.

பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் டிஸ்கவர் பதிப்பு இலவசம், அளவும் சில நூறு எம்பிதான். 600 ஜிபி பதிப்பு வேண்டுமா என்பதை அதில் ஒரு முழுப் பாட்டு எழுதிவிட்டு முடிவு செய்யலாம். பிளோக் நிறுவனத்தின் ஸ்ஃபோர்சாண்டோ, டீசன்ட் சாம்ப்ளர் ஆகிய இலவச பிளேயர்களுக்கு ஏராளமான வாத்தியங்கள் கிடைக்கின்றன. பயனர்களே பதிந்து பகிரும் பியானோபுக் தளத்தில் சில அற்புதமானவை, பல சுமார் ரகம்.

ஒரே ஒரு படத்துக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ரா தேவை என்றால் ஈஸ்ட்வெஸ்டின் கம்போஸர்கிளவுட் மாதிரி மாதச் சந்தா எடுத்து, வேலை முடிந்ததும் நிறுத்திவிடலாம். மாதத் திட்டம்தானா, இல்லை ஆண்டு ஒப்பந்தத்தை மாதமாகப் பிரித்துக் கட்டுகிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

மெலடி ஒரு வயலினைத்தான் கேட்கிறது என்றால் வயலின் வாசிப்பவரைக் கேளுங்கள். வீட்டிலேயே மைக் வைத்துப் பதிந்து ஃபைல் அனுப்பும் கலைஞர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். போன மாதம் நான் அப்படித்தான் 16 பார் வாசித்து வாங்கினேன். அவர் இரண்டு டேக் அனுப்பினார். நான் எழுதியபடி ஒன்று, 'உங்களுக்காக' என்று இன்னொன்று. இரண்டாவதில் நான் யோசிக்காத ஒரு சறுக்கல் இருந்தது.

தொடாமல் கிடந்த 11-ஐயும் டிஸ்கிலிருந்து அழித்துவிட்டேன். உரிமம் என் கணக்கில்தான் இருக்கிறது, தேவைப்பட்டால் மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளலாம். ரசீதுகளும் சீரியல் எண்களும் ஒரு ஃபோல்டரில். 340 ஜிபி காலியானது. அந்த 29 டாலர் செல்லோவை மட்டும் ஏனோ இன்னும் அழிக்க மனசு வரவில்லை.